0, 4, 2, 6: டி.எஸ்.பி. ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளில் டிஜிட்டல் சிக்னல் புராசஸிங் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எஃப்.எஃப்.டி. படித்திருக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டி, எட்டுப் புள்ளிக்கு உள்ளீட்டை எந்த வரிசையில் எழுதுவாய் என்பேன். யோசிக்கவே மாட்டார்கள். 0, 4, 2, 6, 1, 5, 3, 7. கை தானாக எழுதிவிடும். 0-க்குப் பக்கத்தில் 4 எப்படி வந்தது என்று கேட்டால், "பிட் ரிவர்சல் சார்." பிட்டை எதற்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். ஒருவர் "அது ரூல் சார்" என்றார். இன்னொருவர் கொஞ்சம் துணிந்து, "அப்படிப் போட்டாதான் சார் ஆன்சர் வருது" என்றார். இரண்டாமவரை எடுத்துக்கொண்டோம். செய்து பார்த்துவிட்டுச் சொன்ன பதில் அது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்தது. கரும்பலகை நிறைய பட்டர்ஃப்ளை படம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், மூன்று நிலை, ஒரு பெரிய கேள்விக்கான மதிப்பெண். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் உள்ளீடு ஏன் இப்படிக் கலைந்து நிற்கிறது என்பதற்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒரு வகுப்பு நேரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தொடங்குவதற்குச் சீட்டுக்கட்டு போதும். 0 முதல் 7 வரை எழுதிய எட்டுச் சீட்டுகளை ஒரு மாணவியிடம் கொடுத்து, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று வரிசை குலையாமல் மேசையில் பிரிக்கச் சொல்லுங்கள். இங்கே 0, 2, 4, 6. அங்கே 1, 3, 5, 7. ஒவ்வொரு வரிசையையும் எடுத்து மறுபடி அதேபோலப் பிரித்தால் 0, 4 என்றும் 2, 6 என்றும் 1, 5 என்றும் 3, 7 என்றும் நான்கு ஜோடிகள். இடமிருந்து வலமாகப் படித்தால் அவர்கள் மனப்பாடம் செய்த அதே வரிசை. கூலி–டூக்கி முறை செய்வதும் இதையேதான். பெரிய உருமாற்றத்தை, இரட்டை எண் இடங்களுக்கு ஒன்று, ஒற்றை எண் இடங்களுக்கு ஒன்று என இரண்டு சிறிய உருமாற்றங்களாக உடைக்கிறது; உடைத்ததை மறுபடி உடைக்கிறது. முதல் உடைப்பு எண்ணின் கடைசி பிட்டைப் பார்த்து நடக்கிறது. அடுத்தது அதற்கு முந்தைய பிட்டைப் பார்த்து. எண்ணின் வாலில் இருந்த பிட், இடத்தைத் தீர்மானிப்பதில் தலைக்கு வந்துவிடுகிறது.

தமிழில் இதற்கு ஓர் உவமை கைவசம் இருக்கிறது. அகராதி சொற்களை முதல் எழுத்தைக் கொண்டு அடுக்கும். அடிதோறும் இயைபு தேடும் பாட்டுக்காரருக்கு அது உதவாது. கடைசி எழுத்தில் தொடங்கிப் பின்னோக்கி அடுக்கிய பட்டியல் ஒன்று அவருக்கு வேண்டும். எண்களுக்கு அப்படி ஒரு பட்டியல் போட்டால் கிடைப்பதுதான் 0, 4, 2, 6. இதைச் சொன்னதும் முகம் மலர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மின்னணுவியல் படிப்பவர்களுக்குப் பாட்டு பிடிக்காது என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

சரி, காரணம் புரிந்தாயிற்று. ஆனால் இதற்கு ஒரு வகுப்பு முழுவதும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் செலவில் இருக்கிறது.

கூலியும் டூக்கியும் 1965 ஏப்ரலில் 'மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் கம்ப்யூட்டேஷன்' இதழில் வெளியிட்ட கட்டுரை ஐந்து பக்கம்தான். அதன் பின்னணிக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோவியத் நாட்டின் அணு வெடிச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. டூக்கியின் யோசனையைக் கேட்ட ரிச்சர்ட் கார்வின் அதை ஐ.பி.எம்.மில் இருந்த கூலியிடம் கொண்டுபோனார். ஆனால் ஹீலியம்-3 படிகத்தின் ஸ்பின் பற்றிய ஆய்வுக்கு என்று சொல்லித்தான் நிரல் எழுத வைத்தார். அந்த ஐந்து பக்கத்திலேயே, விடைகள் பிட் திரும்பிய வரிசையில்தான் வந்து நிற்கும் என்ற குறிப்பு இருக்கிறது. அதைப் பெரிய தொல்லையாக அவர்கள் கருதவில்லை. கருதத் தேவையும் இருக்கவில்லை. அன்றைய பெரிய கணினிகளின் காந்த வளைய நினைவகத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே நேரம்தான் ஆகும். பெருக்கல்தான் விலை உயர்ந்தது. 1024 புள்ளிக்கு நேரடியாகச் செய்தால் 10,48,576 பெருக்கல்; புதிய முறையில் 5,120 பட்டர்ஃப்ளை. எண்ண வேண்டியது எதுவோ அதை எண்ணினார்கள். அவர்களுக்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே, 1805 வாக்கில், சிறுகோள்களின் பாதையைக் கணிக்க இதே உத்தியைக் கையாண்ட கவுஸுக்கு இன்னும் வசதி: தாளில் எந்த எண் எங்கே இருந்தாலும் கண் போய் எடுத்துக்கொள்ளும்.

இன்றும் நாம் வகுப்பில் போட்டுக் காட்டுவது அந்த 1965-ஆம் ஆண்டுக் கணக்கைத்தான். ஆனால் எந்திரம் மாறிவிட்டது. பெருக்கல் மலிந்துபோய், எண்ணை எடுத்துவருவதற்குத்தான் விலை ஏறியிருக்கிறது.

இன்றைய புராசஸர் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைத் தனியாக எடுப்பதில்லை. பெரும்பாலான எந்திரங்களில் 64 பைட் கொண்ட ஒரு துண்டாக, அதாவது ஒரு கேஷ் லைனாக, எடுத்துவருகிறது. சாதாரணத் துல்லியத்தில் ஒரு கலப்பெண் 8 பைட். ஆகவே ஒரு லைனில் எட்டு எண்கள். இங்கே சற்று நில்லுங்கள். எட்டுப் புள்ளி எஃப்.எஃப்.டி.யின் மொத்தத் தரவும் ஒரே ஒரு லைனுக்குள் அடங்கிவிடுகிறது! பிரச்சினை தலைகாட்ட முடியாத அளவு எது என்று தேடிப் பிடித்தது போல நம் தேர்வுக் கேள்வி அமைந்துவிட்டது. போதாததற்கு எட்டுப் புள்ளியில் இடம் மாறுவதே இரண்டு ஜோடிகள்தான்: 1-ம் 4-ம், 3-ம் 6-ம். மற்ற நான்கும் முன்பின் எப்படிப் படித்தாலும் ஒன்றாக இருக்கும் பிட் வரிசைகள், இருந்த இடத்திலேயே இருக்கும். 1024 புள்ளி என்றால் 32 மட்டுமே அசையாமல் இருக்க, 496 ஜோடிகள் இடம் மாறும்.

இப்போது இரண்டின் 20-ஆம் அடுக்குக்குப் போவோம். 10,48,576 புள்ளிகள், 8 எம்.பி. தரவு. திரும்பிய வரிசையில் படிக்கும் லூப் முதலில் 0-ஐக் கேட்கும். அடுத்து 5,24,288, அதாவது 4 எம்.பி. தள்ளி. அடுத்து 2,62,144. உப்பு வாங்க ஒருமுறை, புளி வாங்க ஒருமுறை, மிளகாய் வாங்க ஒருமுறை என்று தெருக்கோடிக் கடைக்கு நடப்பது போல, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முழு லைன் வந்து இறங்குகிறது. எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழை அப்படியே விட்டுவிடுகிறோம். 0-உடன் சேர்ந்து வந்த அந்த ஏழு பேரில் ஒருவரை லூப் மறுபடி எப்போது கூப்பிடும் தெரியுமா? 1,31,072 படிகளுக்குப் பிறகு. அதற்குள் 8 எம்.பி.யின் ஒவ்வொரு லைனும் சரியாக ஒருமுறை வந்துபோயிருக்கும். ஏழு பேரும் சிறிய கேஷிலிருந்து எப்போதோ வெளியேற்றப்பட்டிருப்பார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பரவலாகக் காணப்படும் 32 கே.பி. முதல்நிலைக் கேஷில் 512 லைன்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அவை எட்டெட்டாக 64 செட்களாகப் பிரிக்கப்பட்டவை. முகவரியைப் பார்த்துத்தான் யாருக்கு எந்த செட் என்பது முடிவாகும். 4096-இன் மடங்காக உள்ள முகவரிகள் எல்லாம் ஒரே செட்டுக்குப் போகும். நம் லூப்பின் முதல் 2048 அழைப்புகளும் அப்படிப்பட்ட மடங்குகள்தான். கல்யாண மண்டபத்தில் 512 இலை போட்டுவிட்டு, வந்தவர்களை எல்லாம் ஒரே பந்தி வரிசையின் எட்டு இலைக்கே அனுப்பினால் எப்படி இருக்கும்! மற்ற 504 இலையும் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டின் அடுக்குகளாக அளவைத் தேர்ந்ததற்கு எஃப்.எஃப்.டி. நம்மிடம் வசூலிக்கும் வரி இது.

இந்தச் சிறிய விஷயத்துக்காக உலகம் எவ்வளவு மை செலவழித்திருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லலாம். 1996-இல் ஆலன் கார்ப் 'சியாம் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிட் திரும்பிய வரிசையில் அடுக்குவதற்கு மட்டும் 30 முறைகளைத் திரட்டி, எல்லாவற்றையும் ஒரே பாணி ஃபோர்ட்ரானில் திரும்ப எழுதி, வெவ்வேறு நினைவக அமைப்பு கொண்ட எந்திரங்களில் ஓட்டி அளந்தார். அவற்றைவிட வேகமான இரண்டு புதிய முறைகளை அவருக்குத் தந்தது நினைவக அமைப்பைப் பற்றிய புரிதல். பட்டர்ஃப்ளை பக்கமே போகாமல், வெறும் இடமாற்றத்துக்கு 26 பக்கம்.

பழைய முறைகளில் அழகானது, கோல்டும் ரேடரும் தங்கள் 1969-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கொடுத்தது. திரும்பிய எண்ணை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடாமல், கண்ணாடியில் தெரியும் மீட்டர் போல ஒன்றை ஓடவிடுவது. சாதாரணமாக ஒன்று கூட்டினால் கேரி இடப்பக்கம் போகும். இங்கே மேல் பிட்டில் ஒன்றைக் கூட்டி, கேரியை வலப்பக்கம் தள்ள வேண்டும். பாதி நேரம் ஒரு பிட் மாறினால் முடிந்தது. கால்வாசி நேரம் இரண்டு பிட். சராசரி இரண்டைத் தாண்டாது. டி.எஸ்.பி. சிப் செய்தவர்கள் இதை அப்படியே வன்பொருளில் இறக்கினார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டி.எம்.எஸ்.320சி25, மோட்டரோலாவின் 56000 இரண்டிலும் கேரி தலைகீழாக ஓடும் முகவரி முறை உண்டு. ஆர்ம் கார்டெக்ஸ்-எம்4 போன்றவற்றில் 32 பிட்டையும் ஒரே கட்டளையில் திருப்ப 'ஆர்பிட்' இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் முகவரியைக் கண்டுபிடிக்கும் செலவைக் குறைப்பவை. கடைக்கு வழி தெரிந்துவிட்டால் நடை குறைந்துவிடுமா?

நடையைக் குறைப்பதற்கு வேறு யோசனை வேண்டும். லேரி கார்ட்டரும் காங் சூ கேட்லினும் 1998-இல் ஆராய்ந்த வழியை வகுப்பில் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். 20 பிட் எண்ணைத் தலையில் 3, நடுவில் 14, வாலில் 3 என்று மூன்றாக வெட்டுங்கள். நடுப்பகுதியை ஒரு மதிப்பில் நிறுத்திவிட்டு, தலையையும் வாலையும் மட்டும் ஓடவிட்டால் 8 பெருக்கல் 8, மொத்தம் 64 எண்கள். அவை சரியாக எட்டு முழு லைன்களில் உட்கார்ந்திருக்கின்றன, ஒரு எண்கூட வீணில்லை. 64-ஐயும் 512 பைட் கொண்ட ஒரு சின்னத் தற்காலிக அரேயில் போட்டுக்கொள்ளுங்கள். தலையும் வாலும் இடம் மாறும்போது அந்த 64-ம் போய்ச்சேர வேண்டிய இடங்களும் எட்டு முழு லைன்களாகவே அமைகின்றன. எழுதிவிட்டு அடுத்த நடுப்பகுதிக்குப் போகலாம். செய்த இடமாற்றங்கள் அதேதான், ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரே நடையில் உப்பு, புளி, மிளகாய் எல்லாம் வந்துவிட்டன, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, நடக்காமலே இருப்பது.

அடுக்க வேண்டியது கட்டாயமா என்ற கேள்வியை நம் பாடம் கேட்பதே இல்லை. வடிகட்டி ஒன்றை எஃப்.எஃப்.டி. வழியே செயல்படுத்துகிறோம் என்று வையுங்கள். சிக்னலை உருமாற்றி, வடிகட்டியின் உருமாற்றத்தோடு புள்ளிக்குப் புள்ளி பெருக்கி, திரும்ப மீட்கிறோம். அதிர்வெண் பக்கம் உடைக்கும் முறை இயல்பான வரிசையில் வாங்கி, கலைந்த வரிசையில் தரும். நேரத்தின் பக்கம் உடைக்கும் முறை கலைந்த வரிசையில் வாங்கி, இயல்பான வரிசையில் தரும். முதலாவதைப் போகும்போதும் இரண்டாவதை வரும்போதும் பயன்படுத்தினால் நடுவில் நடப்பது பெருக்கல் மட்டும். இரண்டு பட்டியலும் ஒரேமாதிரி கலைந்திருக்கும்வரை பெருக்கலுக்கு வரிசை பற்றிக் கவலையே இல்லை. இடமாற்றம் ஒன்றுகூடத் தேவைப்படாது. இரண்டு முறைகளையும் நாம் தனித்தனிக் கேள்விகளாக நடத்துகிறோம்; "இரண்டில் எது வேண்டுமானாலும் போடலாம்" என்று முடித்துவிடுகிறோம். அவை ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை.

ஆர்மின் சி.எம்.சிஸ் நூலகத்தில் எஃப்.எஃப்.டி. ஃபங்ஷனுக்குக் கடைசியாக ஒரு பிட் ரிவர்ஸ் ஃபிளாக் கொடுக்க வேண்டியிருப்பது இதற்காகத்தான். நம் பிள்ளைகள் எதையாவது பார்த்து அங்கே 1 என்று போட்டுவிடுகிறார்கள்.

அண்மைக்கால உதாரணம் வேண்டுமென்றால் குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் மறைகுறியீட்டுக்காக அமெரிக்காவின் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ஃபிப்ஸ் 203 தரநிலையைப் புரட்டிப் பாருங்கள். 256 குணகங்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகளை 3329 என்ற பகா எண்ணின் மட்டில் பெருக்க, எஃப்.எஃப்.டி.யின் தம்பியான என்.டி.டி.யை அது பயன்படுத்துகிறது. ஏழு பிட்டைத் திருப்பும் செயலுக்கு அந்த ஆவணத்தில் தனிக் குறியீடே இருக்கிறது. திருப்பப்படுவது தரவு இல்லை; பெருக்கும் மாறிலிகளின் அட்டவணைதான் முன்கூட்டியே திரும்பிய வரிசையில் அச்சாகியிருக்கிறது. தரவு கலைந்தபடியே போய், கலைந்தபடியே பெருக்கப்பட்டு, நேராகித் திரும்புகிறது. இன்று முன்னணி உலாவிகள் இந்த முறையைப் பாதுகாப்பான இணைப்புகளில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. உங்கள் மாணவரின் கைபேசி இந்த உத்தியை ஒருநாளில் பலமுறை செய்துகொண்டிருக்கக்கூடும்.

ஸ்பெக்ட்ரம் கண்ணால் பார்க்க வேண்டும், வரிசை கட்டாயம் வேண்டும் என்ற இடங்களுக்கு ஸ்டாக்ஹாம் முறை இருக்கிறது. இரண்டு அரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றில் கொஞ்சம் இடம் மாற்றி எழுதிக்கொண்டே போனால், கடைசி நிலையில் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். நினைவகம் இரட்டிப்பாகும், ஜி.பி.யு.வில் அது பெரும்பாலும் ஏற்கத்தக்க விலை. எம்.ஐ.டி.யில் ஃப்ரிகோவும் ஜான்சனும் உருவாக்கிய எஃப்.எஃப்.டி.டபிள்யூ. நூலகமும் தனியாக ஒரு பிட் ரிவர்சல் சுற்று ஓட்டாமல், உடைத்துக்கொண்டே போகும்போதே இடத்தைச் சரிசெய்துகொள்கிறது.

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய போர்டுக்கு எஃப்.எஃப்.டி. எழுதினேன். இடமாற்ற லூப்பில் "ஐ, ஜே-யைவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் மாற்று" என்ற நிபந்தனையை எழுத மறந்துவிட்டேன். விளைவு, 1-ஐயும் 4-ஐயும் ஒருமுறை மாற்றியது. லூப் 4-க்கு வந்தபோது மறுபடி மாற்றிப் பழையபடி வைத்துவிட்டது. மொத்த லூப்பும் ஓடி முடிந்து ஒன்றுமே நடக்கவில்லை. இது சோதனையில் சிக்கியிருக்க வேண்டும் அல்லவா? நான் சோதித்தது, பாடப்புத்தகத்தில் இருந்த இரண்டு உள்ளீடுகளை வைத்து: 0-ஆவது இடத்தில் மட்டும் 1, மற்றதெல்லாம் 0, பிறகு எல்லாமே 1. முதலாவதில் 0-ஆவது இடம் எப்படித் திருப்பினாலும் அங்கேயே இருக்கும். இரண்டாவதில் எதை எதோடு மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் அச்சு அசலாகச் சரியான விடை தந்தன. போர்டு வாடிக்கையாளரிடம் போய், மோட்டாரின் அதிர்வு இல்லாத அதிர்வெண்ணில் எல்லாம் தெரிந்து, நான் மூன்று நாள் சென்சார் ஒயரைச் சந்தேகப்பட்டேன்.

உங்கள் லேபில் உள்ளீட்டு வரிசையின் 1-ஆவது இடத்தில் 1-ஐ வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எட்டுப் புள்ளியில் அடுக்காமல் விட்டிருந்தால் அந்த 1-ஐ நிரல் 4-ஆவது உள்ளீடாக எடுத்துக்கொள்ளும். விடை +1, −1, +1, −1 என்று மாறி மாறி வரும். சரியாக அடுக்கியிருந்தால் 45 பாகை 45 பாகையாகச் சுழலும். ஐந்து நிமிட வேலை. எனக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் லேபில் ஒரு மதியம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 1024 புள்ளியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் அளவை இரட்டிப்பாக்கி, பட்டர்ஃப்ளை நேரத்தையும் அடுக்கும் நேரத்தையும் தனித்தனியே அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கேஷ் நிரம்பி வழியும் இடத்தில் அடுக்கும் கோடு எப்படித் திரும்புகிறது என்று அவர்களே வந்து உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வியையும் ஒருமுறை வையுங்கள்: "256 புள்ளி கொண்ட இரண்டு தொடர்களைச் சுழல் கன்வல்யூஷன் செய்ய வேண்டும். எத்தனை முறை பிட் ரிவர்சல் செய்ய வேண்டும்? காரணம் தருக." மூன்று என்று எழுதுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். சுழியம் என்று எழுதிக் காரணமும் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். விடைத்தாள் திருத்த ஆள் வேண்டுமென்றாலும் வருகிறேன். பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு காலத்தில் உங்கள் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன்